ஒத்திகை நோயாளி

"இன்னிக்கு என்னை எத்தினி தடவ சாவடிச்சிட்டு வர்றீங்க?"

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் என் மனைவி கேட்டுவிட்டாள். பதினோரு தடவை என்றேன். எண்ணிக்கையில் மட்டும் எனக்குப் பொய் வராது.

"பதினொண்ணா! குத்துக்கல்லாட்டம் இங்க உக்காந்துக்கினு இருக்கேன். அங்க போயி பொண்டாட்டி போய்ட்டா, பொண்டாட்டி போய்ட்டான்னு பதினோரு பேருகிட்ட சொல்லிக்கினு வர்றீங்க. ஒரு சாவுக்கு ஒரு மொழம் பூ. போய் வாங்கிக்கினு அப்புறமா உள்ள வாங்க."

திரும்பிப் போய் வாங்கி வந்தேன். பதினோரு முழம் மல்லிகையை அவள் தெருவுக்கே கொடுத்தாள். எதற்குப் பூ என்று கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னாள்.

விஷயம் இதுதான். நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விழுப்புரம் மாவட்டத்தின் வயல்களில் விளைச்சலை மதிப்பிடச் சதுரம் கட்டி, அறுத்து, நெல்லை நிறுத்துக் கணக்கு எழுதுவதும், கிணறு, மாடு, வீடு என்று எண்ணுவதும்தான் என் பிழைப்பாக இருந்தது. வேலை நின்றது, எண்ணுவது நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல்களை எண்ணுகிறேன், கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் இலைகளை எண்ணுகிறேன். அதனால் தொந்தரவில்லை என்கிறார் டாக்டர். மனைவிக்கு அது பேஜாரு.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீட்டின் மருமகள், விழுப்புரம் போகும் வழியில் ஒரு கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறாள். முதுகலை மாணவர்களை விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டியது அவள் பொறுப்பு. நேரே நோயாளிகள் முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்க முடியாது. முதலில் ஒத்திகை. ஒருவர் நோயாளியாக நடிக்க, மாணவர் எதிரில் உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். மாணவர்களே ஒருவருக்கொருவர் நடித்தால் பாதியில் சிரித்துவிடுகிறார்களாம். அதனால் வெளியாள் ஒருவர் தேவைப்பட்டது.

"உங்களுக்கு சிரிப்பே வராதில்ல மாமா, அதான் உங்கள கேக்கறேன்" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

என் வேஷத்தை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தாள். நான் ஓய்வு பெற்றவன். மனைவி இறந்துவிட்டாள். மகன் வெளியூரில். தூக்கம் இல்லை, பசி இல்லை. பேச்சின் நடுவில் ஓரிடத்தில், "காலைல எழுந்திரிக்காமலே போய்ட்டா நல்லாருக்கும்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அங்கேதான் பரீட்சை. மாணவர் சுற்றி வளைக்காமல், உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் நான் ஆமாம் என்று சொல்வேன்; வருகிறது, ஆனால் மேற்கொண்டு எதுவும் யோசிக்கவில்லை என்பேன். கேட்காவிட்டால் நானாகச் சொல்லக் கூடாது.

"இதைக் கேட்டா, இல்லாதவனுக்கும் அந்த எண்ணம் வந்துடாதா?" என்று அவளிடம் கேட்டேன். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"எல்லாருக்கும் இந்த பயம் இருக்கு மாமா. ஆனா கேக்கறதால வராது. ஏற்கனவே உள்ள இருக்கறது வெளில வரும், அவ்ளோதான். கேக்காம அனுப்பிடறோம் பாருங்க, அதுக்குத்தான் பயப்படணும்."

பதினோரு மாணவர்களில் பத்துப் பேர் கேட்டார்கள். ஒரு பையன் முதலில் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் பிறகு தமிழில் கேட்டான். ஒரு பெண் மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். எப்படியோ கேட்டுவிட்டார்கள். பதினோராவதாக வந்தவள் விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்துப் பெண். கரும்பும் நெல்லும் வைத்திருக்கிற சொந்த நிலக்காரக் குடும்பம். எழுத்துத் தேர்வுகளில் அவள்தான் முதல் என்று ஆசிரியை முன்பே சொல்லியிருந்தாள்.

அவள் நாற்காலியை எனக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சாப்டீங்களா தாத்தா?"

மற்ற பத்துப் பேரும் அதைக் கேட்கவில்லை. எனக்கு அப்போதே மனம் இளகிவிட்டது. பசியே இல்லை என்று தாளில் உள்ளபடி சொன்னேன். தூக்கத்தைப் பற்றிக் கேட்டாள், மகனைப் பற்றிக் கேட்டாள், என் மனைவி என்ன சமைப்பாள் என்று கேட்டாள். தாளில் இல்லாத கேள்வி. கருவாட்டுக் குழம்பு என்று உண்மையைச் சொன்னேன். பிறகு, என் வசனத்துக்கு வந்தேன். "காலைல எழுந்திரிக்காமலே போய்ட்டா நல்லாருக்கும்மா."

அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"அய்யோ, அப்டிலாம் வாயில வெக்காதீங்க தாத்தா! உங்களுக்கென்ன, ராஜாவாட்டம் இருக்கீங்க. பேரப்பிள்ள கல்யாணம் பாக்க வேணாவா? நல்லதா நெனைங்க."

நிஜமான நோயாளியாக இருந்திருந்தால் அவளை வாழ்த்திவிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஆசிரியை மேஜையைத் தட்டினாள். ஒத்திகை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். அவள் தட்டும்வரை யாரும் வேஷத்தை விட்டு வெளியே வரக் கூடாது.

"அந்த மனுஷன் கதவத் தொறந்தாரு. நீ அன்பா சாத்திட்டு வந்துட்ட" என்றாள் ஆசிரியை.

மாணவர்கள் சிரித்தார்கள். "நல்லதா நெனைங்க தாத்தா" என்று பின்னாலிருந்து ஒருவன் அவள் குரலில் சொல்லிக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் கேள்வி எனக்குத் தெரியும் மேடம். எழுதச் சொன்னா எழுதிடுவேன். வயசானவரு மூஞ்சிக்கு நேரா வரல. எங்க வீட்ல சாவுன்னே சொல்ல மாட்டோம். பெரிய காரியம்னுதான் சொல்லுவோம். அதுவும் தாத்தான்னு கூப்ட்டுட்டு..."

"அப்ப தாத்தான்னு கூப்பிடாத. ஐயான்னு கூப்பிடு."

மற்றவர்கள் போன பிறகு ஆசிரியை அவளை நிறுத்திவைத்துச் சொன்னாள். பத்துப் பேரின் பெயர்கள் மருத்துவமனைக்குப் போகின்றன. அவளுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. அதிலும் கேட்காவிட்டால் அடுத்த வருடத்து அணியோடுதான் போக வேண்டும். நான் தண்ணீர் குடித்துக்கொண்டு அங்கேயே இருந்ததால் அந்தப் பெண் சொன்ன பதிலும் என் காதில் விழுந்தது.

"அடுத்த வருஷம்னு ஒண்ணு எனக்கு இல்ல மேடம். இந்த வருஷம் முடிச்சிடுவான்னு சொல்லித்தான் எங்கப்பா மாப்ள வூட்டுக்காரங்கள நிறுத்தி வெச்சிருக்காரு. பெரியப்பாங்கல்லாம் அவரு மேல கோவமா இருக்காங்க. இது போச்சுன்னா படிப்பே போச்சு."

"அதுக்காக உன்னை அனுப்ப முடியாதும்மா. அங்க வர்றவரு வேஷம் போட்டுக்கிட்டு வர மாட்டாரு."

ஆசிரியை சொன்னது சரி. அந்தப் பெண் சொன்னதும் சரி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நெஞ்சு படபடத்தது. இரத்த அழுத்த மாத்திரை போட்டேனா என்று சந்தேகம் வந்து அட்டையைப் பார்த்தேன். போட்டிருந்தேன்.

இரண்டாவது ஒத்திகையை அமாவாசை அன்று வைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து மூத்த உளவியலாளர் ஒருவர் அன்றுதான் கல்லூரிக்கு வர முடியும், அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார் என்று ஆசிரியை தொலைபேசியில் சொன்னாள். தேதியைக் கேட்டதும் என் மனைவி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்தாள்.

"அமாவாசையும் அதுவுமாவா? வேற நாளு கெடைக்கலியா உங்க மேடத்துக்கு?"

"ஒரு பொண்ணோட படிப்பு விஷயம்."

"படிக்கட்டும். யாரு வேணான்னா? என்னைய சாவடிக்கறதுன்னா சாவடிச்சிக்கினு போங்க. இத்தினி தடவ செத்தாச்சு, இன்னொரு தடவ செத்தா ஒண்ணும் கொறஞ்சிட மாட்டேன். ஆனா உங்களப் பத்தி அந்த வார்த்தைய நீங்க சொல்லக் கூடாது. உசுர முடிச்சிக்கலாம்னு வருது, ஆமாம்னு அமாவாசையில உங்க வாயால வரக் கூடாது. என் தலையில கை வெச்சி சொல்லுங்க."

"அது நடிப்புதானே?"

"கேக்கற சாமிக்கு அது நடிப்புன்னு தெரியுமா? வெய்ங்க கைய."

அவள் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். கையை வைத்துச் "சரி, சரி" என்றேன். கை பிசுபிசுத்தது. எனக்கு இந்த நம்பிக்கைகள் கிடையாது என்று வெளியில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் கை கழுவும்போது, அவள் தலையில் வைத்த கை என்பது ஞாபகம் இருந்துகொண்டே இருந்தது.

அமாவாசை அன்று திண்டிவனம் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம். மடியில் எலுமிச்சம்பழமும் கையில் குழந்தையுமாக ஏறிக்கொண்டே இருந்தார்கள். "மலையனூர், மலையனூர், ஜல்தி ஏறு" என்று ஒரு நடத்துநர் பஸ்ஸைத் தட்டிக்கொண்டே இருந்தார். விழுப்புரம் பஸ்ஸைக் கூட்டத்துக்குப் பின்னால் எங்கேயோ நிறுத்தியிருந்தார்கள். இடித்துப் பிடித்து ஏறினேன். நின்றுகொண்டே போனேன். என்னால் தாமதமாகி அந்தப் பெண்ணின் வாய்ப்பு போய்விடக் கூடாதே என்பது ஒரு கவலை. போய்ச் சேர்ந்து அவளும் கேட்டுவிட்டால் நான் என்ன சொல்வது என்பது இன்னொரு கவலை. சத்தியத்தைக் காப்பாற்றினால் ஒத்திகை கெடும். ஒத்திகையைக் காப்பாற்றினால் சத்தியம் கெடும். மயிலம் போகும் சாலை பிரியும் இடம் வந்தபோது, அவள் கேட்காமலே இருந்துவிட்டால் எனக்குத் தொல்லையில்லையே என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது. அதை அங்கேயே இறக்கி விட்டேன்.

அறையில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டிருந்தார்கள். சுவர் ஓரமாக ஆசிரியையும் அந்த உளவியலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நடுவயதுக்காரர். வணக்கம் சொன்னதற்குத் தலையை அசைத்தார். அந்தப் பெண் வந்தாள். நாற்காலியை இழுக்கவில்லை, போட்ட இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"வணக்கம் ஐயா."

சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. தூக்கத்தைப் பற்றிக் கேட்டாள், பசியைப் பற்றிக் கேட்டாள். கேள்விகள் எல்லாம் சரி. குரல் மட்டும் தபால் நிலையத்துக் குரலாக இருந்தது. அவளுடைய கட்டைவிரல் துப்பட்டாவின் ஓரத்தைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தது. நான் என் வசனத்தைச் சொன்னேன்.

"காலைல எழுந்திரிக்காமலே போய்ட்டா நல்லாருக்கும்மா."

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஜன்னலில் ஒன்பது கம்பிகள். இடமிருந்து ஒருமுறையும் வலமிருந்து ஒருமுறையும் எண்ணினேன். ஆசிரியையின் பேனா காகிதத்தின் மேல் அசையாமல் நின்றது. கேளம்மா என்று உள்ளுக்குள் சொன்னேன். கேட்டுவிடாதே என்றும் சொன்னேன்.

"ஐயா" என்றாள். "உங்களுக்கு... நீங்களாவே உங்க உசுர முடிச்சிக்கலாம்னு நெனப்பு..."

"இல்லம்மா."

அது என் வாயிலிருந்துதான் வந்தது. 'வருதா' என்று அவள் சொல்லி முடிக்கவே இல்லை. அதற்குள் சொல்லிவிட்டேன்.

தாளில் ஆமாம் என்று இருக்கிறது. அவள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள், கெடுத்தவன் நான். இப்போது அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால், வந்திருக்கிறவர் என்ன நினைப்பார்? முதல் 'இல்லை'யிலேயே விட்டுவிட்டாள், அங்கேயும் இப்படித்தான் விடுவாள் என்றுதானே? என் தவறு என்று எழுந்து சொல்லலாம் என்றால், தட்டும்வரை வேஷத்தை விட்டு வரக் கூடாது. ஆசிரியை என்னைப் பார்த்தாள். நான் கம்பிகளைப் பார்த்தேன்.

அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. நாற்காலியைப் பிடித்து முன்னால் இழுத்தாள். தரையில் கீச்சென்று சத்தம் வந்தது.

"தாத்தா."

நான் நிமிர்ந்தேன்.

"நான் இன்னும் கேட்டே முடிக்கல. அதுக்குள்ள இல்லன்னுட்டீங்க."

நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"எங்க வூட்லயும் இப்டித்தான். கேக்கறவங்களுக்கும் வாய் வராது, சொல்றவங்களுக்கும் வாய் வராது. ஐயான்னு கூப்ட்டா கேக்கறது சுலபம்னு சொன்னாங்க. எனக்கு வரல. பேத்தியாட்டமே கேக்கறேன், கோச்சிக்காதீங்க. சொல்லக் கூடாத வார்த்தைய நான் மொதல்ல சொல்லிட்டேன். அதனால அந்த தோஷம் என்னோட போவட்டும். நீங்க என்ன சொன்னாலும் தப்பு ஆவாது. மறுபடி கேக்கறேன். நான் முடிக்கற வரைக்கும் கேட்டுட்டு, மெதுவா சொல்லுங்க."

கேட்டாள். ஒரு வார்த்தையையும் விழுங்காமல், சாவு என்பதைச் சாவு என்றே சொல்லிக் கேட்டாள். முடித்துவிட்டுக் காத்திருந்தாள். கட்டைவிரல் துப்பட்டாவை விட்டுவிட்டிருந்தது.

கணக்கெடுப்புக்கு வீடுவீடாகப் போன காலத்தில், கேள்வி முடிவதற்குள் வருகிற பதிலை நான் எழுதிக்கொள்வதில்லை. எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை இருக்கின்றன என்று கேட்டால் சில பெண்கள் இப்படித்தான் முந்திக்கொண்டு சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்பேன். என்னை ஒருவர் அப்படி மறுபடி கேட்பது இதுதான் முதல் தடவை. என் மனைவியின் எண்ணெய்த் தலை ஞாபகத்துக்கு வந்தது.

"வருதும்மா" என்றேன்.

குரல் நடுங்கியது. நான் நடுங்க வைக்கவில்லை.

அவள் பதறவில்லை, கையைப் பிடிக்கவில்லை, நல்லதா நெனைங்க என்று சொல்லவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு தாத்தா" என்றாள். எப்போதெல்லாம் வருகிறது, மேற்கொண்டு ஏதாவது யோசித்ததுண்டா, கூட யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம், இன்றைக்கே டாக்டரைப் பார்க்கலாம், நானும் உள்ளே வருகிறேன், உங்கள் மகனிடம் பேச ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டாள். நான் ஒப்புக்கொண்டேன். இல்லாத என் மகனுக்காக எனக்கு அழுகை வந்தது. எனக்கு இருப்பது ஒரே மகள், செங்கல்பட்டில் இருக்கிறாள்.

மேஜை தட்டப்பட்டது.

உளவியலாளர் என்னிடம், "இல்லன்னு சொன்னீங்களே, அது தாள்ல இருந்துதா சார்?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அது தானா வந்துடுச்சு."

"அதான் பாத்தேன்" என்றவர் ஆசிரியையின் பக்கம் திரும்பினார். "மொத கேள்விக்கு ரொம்ப நேரம் எடுத்துக்குது இந்தப் பொண்ணு. அங்க அவ்ளோ நேரம் கெடைக்காது. ஆரம்பத்துல தனியா உக்கார வெக்க மாட்டேன், என் பக்கத்துல இருக்கட்டும். வரச் சொல்லுங்க."

அந்தப் பெண் எழுந்து நின்று, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நன்றி சொல்ல முயன்று, யாருக்கும் சொல்லாமல், தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். "அப்பா, பேரு போட்டுட்டாங்கப்பா" என்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. பிறகு, "ஆமா, அழுதுக்கினுதான் இருக்கேன், நீ மொதல்ல பெரியப்பாவுக்குப் போனப் போடு."

நோயாளியாக நடித்தவர் வேஷத்தைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். தன்னைப் பற்றிய உண்மையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். போன தடவை போலவே ஆசிரியையிடம் சொன்னேன். நான் புள்ளியியல் துறையில் இருந்தவன். என் மனைவி உயிரோடு இருக்கிறாள், நன்றாகச் சண்டை போடுகிறாள். காலையில் கேப்பை அடை தின்றேன், தொட்டுக்கொள்ள மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் சட்னி, இரண்டு அடை. முகம் கழுவிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன்.

தூண் ஓரமாக அந்தப் பெண் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"வேஷத்தக் கழட்டிட்டீங்களா தாத்தா?"

"கழட்டியாச்சு."

"அப்போ ஒண்ணு கேக்கட்டுமா? இதுக்கு மார்க்கு கெடையாது." சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. "நீங்க அவ்ளோ ஜல்தியா இல்லன்னு சொன்னீங்க. அப்புறம் வருதுன்னு சொன்னப்போ உங்க கொரலு வேற மாதிரி இருந்துச்சு. நெசமாவே உங்களுக்கு அப்டி ஏதாவது நெனப்பு இருக்கா தாத்தா?"

நான் அவள் முடிக்கும்வரை பொறுத்தேன். முடித்த பிறகும் பதிலை உடனே எடுக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். கவலை இருந்தது, நிறையவே இருந்தது; மாத்திரை, பஸ், மகளின் வாடகை வீடு, மனைவியின் முழங்கால். எண்ணினால் எண்ணிக்கொண்டே போகலாம். அவள் கேட்டது அந்தக் கூட்டத்தில் இல்லை.

"இல்லம்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி தாத்தா. பாத்துப் போங்க. இன்னிக்கு பஸ்ஸெல்லாம் கூட்டம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பூப் பொட்டலத்தை மனைவியிடம் நீட்டினேன். அவள் பிரித்து, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து அளந்தாள்.

"ரெண்டு மொழம் இருக்குது. ஒரு தடவதான சாவடிச்சீங்க?"

"இன்னொண்ணு சத்தியத்துக்கு."

அவள் அளப்பதை நிறுத்தினாள். நடந்ததை நான் ஒன்று விடாமல் சொன்னேன். நான் முந்திக்கொண்டு இல்லை என்றது, அந்தப் பெண் நாற்காலியை இழுத்தது, தோஷம் தன்னோடு போகட்டும் என்றது, நான் ஆமாம் என்றது, பிறகு வராந்தாவில் அவள் நிஜமாகக் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வராந்தாவுல என்னா சொன்னீங்க?"

"இல்லன்னு சொன்னேன்."

"அது கேட்டு முடிச்ச பொறவா, முன்னாடியா?"

"முடிச்ச பொறவுதான்."

என் முகத்தை அந்தப் பெண் பார்த்தது போலவே பார்த்தாள். பிறகு பூவை மறுபடி எடுத்து அளந்தாள்.

"ரெண்டாவது மொழம் நாலு வெரல் கொறையுது" என்றாள். "பூக்காரி கை குட்டக் கை. நாளைக்கு சொல்லி வாங்கிக்கினு வாங்க."